பழைய லைவ் ராக்கைக் கடல் மீன் தொட்டியின் சம்ப்புக்குத் தயார் செய்வது எப்படி?

கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் அதைக் கலைக்கும்போது மீன் உடனே விற்றுவிடும், விளக்கும் விற்றுவிடும். கடைசியில் லைவ் ராக் எனும் பாசி படிந்த பவளக் கல் இரண்டு மூன்று பக்கெட்டில் மிஞ்சும். புதுக் கல்லின் விலையோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய இலவசம். வாங்கலாமா என்று கேட்டால் என் பதில்: தாராளமாக வாங்கலாம், ஆனால் வீட்டுக்கு வந்த அன்றைக்கே தொட்டியிலோ, அதோடு இணைத்து ஃபில்டருக்காக வைக்கும் சம்ப் என்ற தனிப் பெட்டியிலோ போடக் கூடாது.

பழைய கல்லின் மேல் தெரிகிற பாசி, புழு, குட்டி அனிமோன் இவற்றைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அவற்றைக் கொல்வது சுலபம். கல்லுக்குள் இத்தனை வருஷமாகச் சேர்ந்து கிடக்கும் பாஸ்பேட்டும் அழுகலும், சில சமயம் தாமிரமும்தான் தொல்லை. அவை கண்ணுக்குத் தெரியாது. கீழே சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல் அவற்றை வெளியே கொண்டுவரத்தான்.

கல் எப்படி ஃபில்டர் ஆகிறது

லைவ் ராக் என்பது செத்த பவளங்களின் சுண்ணாம்புக் கூடு. அது முழுக்கத் துளை. மேற்பரப்பில் ஆக்சிஜன் கிடைக்கும் இடத்தில் வாழும் பாக்டீரியா, மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆக்சிஜன் எட்டாத உள் துளைகளில் வேறு வகை பாக்டீரியா அந்த நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும். பயோ பால் போன்ற, பாக்டீரியா குடியிருக்க வைக்கும் பிளாஸ்டிக் மீடியா முதல் பாதி வேலையை நன்றாகவே செய்யும், இரண்டாம் பாதி அதற்கு வராது. 1961லேயே இந்தோனேசியாவின் லீ சின் எங் கல்லையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துக் கடல் தொட்டி நடத்தும் முறையைப் பற்றி எழுதினார். 1970களின் கடைசியில் ஜெர்மனியில் டீட்ரிக் ஸ்டூபரும் நண்பர்களும் லைவ் ராக்கோடு, கழிவைக் காற்றுக் குமிழியால் நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரைச் சேர்த்தார்கள். அதற்குப் பெர்லின் முறை என்று பெயர் வந்தது. இன்றைக்குப் பெரும்பாலான ரீஃப் தொட்டிகள், அதாவது பவளம் வளர்க்கும் தொட்டிகள், ஓடுவது அதன் வழியில்தான்.

சம்ப்பில் போடும் கல்லுக்கு அழகு தேவையில்லை, துளை இருந்தால் போதும். ஒரே அளவுள்ள இரண்டு கல்லைக் கையில் தூக்கிப் பாருங்கள், லேசாக இருப்பதை எடுங்கள். கனமாக, வழவழவென்று இருப்பது ஃபில்டராகப் பெரிதாக உழைக்காது.

முதலில் சட்டம்

இந்தியாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்ட வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் எல்லா வன்பவளங்களும் இருக்கின்றன. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986லேயே மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளம் வெட்டப்பட்டு நொந்துபோன கடல் அது. அங்கே கடலில் இருந்து கல் எடுப்பது குற்றம். கரையில் ஒதுங்கிய செத்த பவளம்தானே என்ற சமாதானமும் செல்லாது. இலங்கையிலும் கடலில் பவளம் வெட்டியெடுப்பது சட்டவிரோதம். வெளிநாட்டிலிருந்து வந்த கல் என்றால், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப்படி அதற்குக் காகிதம் இருக்க வேண்டும்.

ஆகவே கல்லைத் தருபவரிடம் அது எங்கிருந்து வந்தது, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். சிமென்டிலோ செராமிக்கிலோ செய்த செயற்கைக் கல்லும் செராமிக் மீடியாவும் கடைகளில் கிடைக்கின்றன. பயன்படுத்திய செயற்கைக் கல்லுக்கும் கீழே வரும் வழிமுறை பெரும்பாலும் பொருந்தும், ஆசிட் பகுதியை மட்டும் தாண்டிவிடுங்கள். ஆசிட் சிமென்டை அரித்துவிடும். சிங்கப்பூர், வளைகுடா, ஐரோப்பா, கனடா பக்கம் இருப்பவர்களுக்குப் பழைய கல் கைமாறி வாங்குவது சாதாரணம். அங்கேயும் உள்ளூர் விதியை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

கல்லின் பூர்வீகத்தை விசாரியுங்கள்

கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தக் கல் இருந்த தொட்டியில் எப்போதாவது தாமிர மருந்து ஊற்றினீர்களா? மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தால் தாமிரம்தான் வழக்கமான மருந்து. சுண்ணாம்புக் கல் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். மீன் தாங்கும். இறால், நத்தை, பவளம் தாங்காது. சந்தேகம் இருந்தால் கல்லை ஒரு வாரம் உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைத் தாமிர டெஸ்ட் கிட்டில் பாருங்கள். நிறம் மாறினால் அந்தக் கல் ரீஃப் தொட்டிக்கு வேண்டாம். நிறம் மாறாவிட்டாலும், மருந்து ஊற்றியதாக உரிமையாளரே சொன்னால் நான் அவர் வார்த்தையைத்தான் நம்புவேன். மீன் மட்டும் வளர்க்கும் தொட்டிக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி: கல் ஈரமாகவே இருக்கிறதா, காய்ந்துவிட்டதா? நல்ல தொட்டியிலிருந்து நேற்று எடுத்து, இன்னும் ஈரமாக, கடல் வாசனையோடு இருக்கும் கல் என்றால் அதைப் பிளீச்சில் போடுவது பாவம். அதன் பாக்டீரியா, குட்டி இறால் வகைகள், கடற்பஞ்சு எல்லாம் பணம் கொடுத்தாலும் சுலபத்தில் கிடைக்காதவை. ஈரத் துணியில் சுற்றி எடுத்து வந்து, உப்புத்தண்ணீர் பக்கெட்டில் நன்றாக உதறிவிட்டு, நேராக இருட்டில் ஊறவைக்கும் கட்டத்துக்குப் போய்விடலாம். ஆனால் அதில் ஐப்டேசியா அனிமோன், பிரையாப்சிஸ் பாசி, பச்சைக் குமிழிப் பாசி, குழாய் கட்டி ஒட்டிக்கொள்ளும் வெர்மெடிட் நத்தை இவை கூட்டமாக இருந்தால் இரக்கப்படாமல் பிளீச்சில் போடுங்கள்.

காய்ந்த கல்லும், துர்நாற்றமடிக்கிற கல்லும் முழு வைத்தியத்துக்குப் போக வேண்டும். வாசனையே பாதி சேதி சொல்லிவிடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லாமல் எதுவோ செத்துக் கிடக்கிறது, ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்காதீர்கள்

சுடுதண்ணீரில் போட்டு எடுத்தால் எல்லாம் செத்துவிடுமே என்று தோன்றும். லைவ் ராக் விஷயத்தில் இது உயிருக்கே ஆபத்து. கல்லில் சோவாந்திட் வகை உயிரிகள், பொத்தான் பவளம் என்று சிலர் சொல்வது, ஒட்டியிருக்கலாம். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வேகவைத்தால் அது அழியாது, ஆவியோடு கிளம்பி அறை முழுக்கப் பரவும். கல்லைக் கொதிக்க வைத்து, வீட்டிலிருந்த எல்லோரும், சில சமயம் நாயும் சேர்த்து, மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. சுடுதண்ணீர் ஊற்றுவது, அடுப்பில் சுடுவது, பிரஷர் வாஷரில் பீய்ச்சி அடிப்பது, காய்ந்த கல்லைப் பிரஷ்ஷால் உரசித் தூள் பறக்கவிடுவது எல்லாமே இதே கணக்கில் வரும். தேய்க்க வேண்டும் என்றால் தண்ணீருக்கு அடியில் வைத்துத் தேயுங்கள்.

கையுறை கட்டாயம், முழங்கை வரை நீளமானதாக இருந்தால் நல்லது. முட்புழுவின் முடி தோலில் குத்தினால் நாள் கணக்கில் எரியும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். தொட்டித் தண்ணீரிலிருந்து காயத்துக்குள் போகும் சில பாக்டீரியாத் தொற்றுகள் ஆற மாதக்கணக்காகும். கண்ணுக்குக் கண்ணாடி, வேலை மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ. வீட்டுக்குள் வேண்டாம்.

பிளீச்

பெரிய பிளாஸ்டிக் டப் எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியம், இரும்பு வேண்டாம். முதலில் கல்லில் ஒட்டியிருக்கும் பசை, பிளாஸ்டிக், கம்பி எதுவானாலும் பிய்த்து எறியுங்கள். சம்ப்புக்குத்தானே, பெரிய கல்லைச் சுத்தியலால் கை முஷ்டி அளவுக்கு உடைத்துக்கொள்ளலாம். கல் ஈரமாக இருக்கும்போது, மேலே ஒரு கோணியைப் போட்டு உடைத்தால் சில்லு தெறிக்காது. உடைந்த முகத்தில் புதுத் துளைகள் திறக்கும். உள்ளே கறுப்பாக இருந்தால் அந்தத் துண்டுக்குக் கூடுதல் நாள் தேவை.

பிளீச் என்றால் வாசனையோ சோப்போ சேராத, 5 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள திரவம். ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு சாதாரணக் குழாய்த் தண்ணீர். இங்கே ஆர்.ஓ. தண்ணீரை வீணாக்க வேண்டாம். கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடரை நான் தவிர்ப்பேன், அதன் சுண்ணாம்புக் கசடு துளைகளில் போய் உட்காரும். டப்பில் ஒரு பழைய பவர்ஹெட்டை (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சின்ன பம்ப்) போட்டுத் தண்ணீரைச் சுற்றவிட்டு, ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஊறவிடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்து குளோரின் வாசனை போய்விட்டால், பிளீச் தீர்ந்துவிட்டது, அழுக்கு இன்னும் மிச்சம் என்று அர்த்தம். கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். குளோரின் வாசனை குறையாமல் அப்படியே நிற்க ஆரம்பித்தால் இந்தக் கட்டம் முடிந்தது.

பிறகு இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசி, கடைசித் தண்ணீரில் ஆன்ட்டி குளோரின் சேருங்கள். நன்னீர் மீன் கடைகளில் சின்ன பாட்டிலில் விற்கும் அதே சோடியம் தயோசல்ஃபேட்தான். பாட்டிலில் போட்டிருக்கும் அளவைப் போல சில மடங்கு ஊற்றினாலும் இந்தக் கட்டத்தில் பாதகமில்லை. நீச்சல் குளத்துக்கான குளோரின் சோதனைச் சொட்டில் நிறம் வருவது நிற்கும் வரைக்கும் அலசுங்கள். அப்புறம் மாடி வெயிலில் நன்றாகக் காயப்போடுங்கள். ஒரு வாரம் காய்ந்தாலும் நல்லதுதான்.

ஆசிட் எப்போது வேண்டும்?

எப்போதும் வேண்டியதில்லை. கல் முழுக்கக் கோரலைன் பாசி ஓடு போல மூடித் துளை அடைபட்டிருந்தாலோ, பாஸ்பேட் அதிகம் என்று உறுதியாகத் தெரிந்தாலோ மட்டும் இதைச் செய்யலாம். பாஸ்பேட் பெரும்பாலும் கல்லின் மேல் அடுக்கில்தான் பிடித்திருக்கும். ஆசிட் அந்த அடுக்கையே கரைத்துவிடுவதால் வேலை வேகமாக முடியும். விலையாகக் கொஞ்சம் கல்லும் கரைந்து போகும்.

பிளீச் மிச்சம் இருக்கும் கல்லில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு வரும். நச்சு வாயு அது. ஆகவே முந்தின கட்டத்தின் குளோரின் சோதனை முடிந்து, கல் முழுக்கக் காய்ந்த பிறகுதான் ஆசிட். இரண்டையும் ஒரே நாளில் செய்யவே செய்யாதீர்கள்.

ஹார்டுவேர் கடைகளில் பாத்ரூம் கழுவ விற்கும் ஆசிட் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். ஆனால் அதன் அடர்த்தி பாட்டிலுக்கு பாட்டில் மாறும், சிலவற்றில் சாயமும் சோப்பும் கலந்திருக்கும். சதவீதம் அச்சிட்ட பாட்டிலை ரசாயனக் கடையில் வாங்குவதே மேல். 2013இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்த பிறகு அடையாள அட்டை கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். 30 சதவீத ஆசிட் என்றால் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். முதலில் டப்பில் தண்ணீர், அதில் ஆசிட்டை மெதுவாக ஊற்றுங்கள். மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கல்லை ஒவ்வொன்றாக இறக்குங்கள். நுரைத்துப் பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. அரை மணி நேரத்துக்குள் பொங்கல் அடங்கும். முடிந்ததும் தண்ணீரில் ஆப்ப சோடா தூவி, நுரை வருவது நிற்கும் வரை போட்டுச் சமன்படுத்திவிட்டுக் கொட்டுங்கள். இன்னொன்று, டப்புக்கு அடியில் ஒரு தார்ப்பாய் விரியுங்கள். சிந்திய ஆசிட் மாடியின் சிமென்டில் நிரந்தரத் தழும்பு போட்டுவிடும், வாடகை வீடென்றால் அட்வான்சில் கை வைப்பார்கள்.

ஆசிட்டே வேண்டாம் என்பவர்கள் வெள்ளை வினிகரில் ஒரு நாள் ஊறவைக்கலாம். வேகம் குறைவு, பயமும் குறைவு.

பாஸ்பேட்டை வெளியே இழுப்பது

பொறுமை வேண்டிய இடம் இதுதான், பெரும்பாலோர் தாண்டிப் போகிற இடமும் இதுதான். சுண்ணாம்புக் கல்லுக்கும் பாஸ்பேட்டுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. தண்ணீரில் பாஸ்பேட் அதிகமாக இருந்தால் கல் அதை ஈர்த்துக்கொள்ளும், தண்ணீரில் குறைந்தால் திருப்பிக் கொடுக்கும். பல வருஷம் அழுக்குத் தொட்டியில் கிடந்த கல், உங்கள் சுத்தமான தண்ணீருக்கு வந்ததும் கடனை அடைக்கத் தொடங்கும். கல் போட்ட இரண்டாவது மாதம் கண்ணாடியெல்லாம் முடிப்பாசி வளர்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தீனியைக் குறைத்தும் பாசி போகவில்லை என்று புலம்புவோம்.

இங்கிருந்து தண்ணீர் முக்கியம். போர் தண்ணீர் வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. மெஷினும் அப்படியே ஆகாது. சுவைக்காகக் கொஞ்சம் மூலத் தண்ணீரைக் கலந்துவிடும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் பலவற்றில் இருக்கிறது. அதை முழுக்க மூடினாலும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டாது. மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றைப் பின்னால் சேர்த்தால்தான் காட்டும். அந்தத் தண்ணீரில் செயற்கைக் கடல் உப்பைக் கலந்து, ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (ஒப்படர்த்தி) 1.025 அளவுக்குக் கொண்டுவாருங்கள். கல் மூழ்கும் அளவு தண்ணீர், ஒரு பவர்ஹெட், ஒரு மூடி. அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்துக் குறைந்த அளவையும் காட்டும் பாஸ்பேட் கிட்டில் பாருங்கள். 0.1 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) மேல் இருந்தால் தண்ணீரை மாற்றுங்கள். மறுபடி ஒரு வாரம், மறுபடி சோதனை. மாற்றிய பிறகும் ஏறிக்கொண்டே இருந்தால் கல் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. உப்பு விலையைப் பார்த்து மனம் கலங்குபவர்கள் லாந்தனம் குளோரைடு பயன்படுத்தலாம். சில சொட்டு விட்டால் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்மையாகப் படியும், மெல்லிய துணி ஃபில்டரில் பிடித்துவிடலாம். மீன் இல்லாத டப்பில் இதைத் தைரியமாகச் செய்யலாம். மீன் இருக்கும் தொட்டியில் அதே வேலையைச் செய்ய நான் தயங்குவேன், சர்ஜன் வகை மீன்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. தண்ணீரின் ஆல்கலினிட்டியும் (காரத்தன்மை) இறங்கும், இங்கே அது பெரிய விஷயமில்லை. சோதனையில் தொடர்ந்து இரண்டு வாரம் 0.05 பக்கம் நின்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

இருட்டில் ஊறவைத்து உயிரூட்டுவது

இப்போது கல் சுத்தம், ஆனால் மலடு. பாக்டீரியாவைக் குடியேற்ற வேண்டும். நேரடியாக இந்தக் கட்டத்துக்கு வந்த ஈரக் கல்லுக்கும் இதே டப், இதே ஏற்பாடுதான். ஒரு வித்தியாசம்: அதில் ஏற்கனவே செத்துக்கொண்டிருக்கும் உயிரிகளே அமோனியாவைத் தரும், நீங்கள் எதுவும் சேர்க்க வேண்டாம். வாரம் ஒரு முறை பாதித் தண்ணீர் மாற்றி, கல்லை உதறி, அடியில் சேரும் கசடை உறிஞ்சி எடுத்தால் போதும். அதன் பாஸ்பேட்டையும் மறக்காமல் பாருங்கள்.

வெப்பம் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ். சென்னையில் ஹீட்டர் தேவைப்படாது. மே மாதத்தில் டப்பை மாடியிலிருந்து இறக்கி நிழலில் வையுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஆகவே பவர்ஹெட்டின் வாய் மேற்பரப்பைக் கலக்கும்படி இருக்கட்டும். மூடி போட்டு இருட்டாக வைத்தால் பாசி வளர வழியில்லை, பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையும் இல்லை.

சுத்தம் செய்த கல்லுக்குத் தீனி வேண்டும். அமோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், 100 லிட்டருக்கு 0.6 கிராம் போட்டால் அமோனியா சுமார் 2 பி.பி.எம். வரும். பாத்திரத்துக்கு ஈயம் பூசப் பயன்படும் கட்டி வேண்டாம், தூய ஆய்வகத் தரம் வாங்குங்கள். பாட்டில் பாக்டீரியா ஊற்றலாம். அதைவிட, நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு துண்டு உயிருள்ள கல்லைக் கடன் வாங்கிப் போடுவது பலமான ஆரம்பம். பூச்சி இருக்கிறதா என்று அதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு பாடும் வீண்.

முதலில் அமோனியா இறங்கி நைட்ரைட் ஏறும், அப்புறம் நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் ஏறும். அமோனியா பூஜ்யத்துக்கு வரும்போதெல்லாம் மறுபடி 2 பி.பி.எம்.க்கு ஏற்றுங்கள். 5 பி.பி.எம்.க்கு மேல் போனால் பாக்டீரியாவே சுணங்கும். போட்ட அமோனியா 24 மணி நேரத்துக்குள் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் கல் தயார். நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகலாம். உள் துளைகளில் நைட்ரேட்டை உடைக்கும் பாக்டீரியா நிலைபெற இன்னும் பல மாதம் ஆகும். அதுவரை நைட்ரேட் குறையவில்லை என்று கல்லைக் குறை சொல்லாதீர்கள்.

சம்ப்பில் அடுக்குவது

தொட்டித் தண்ணீர் லிட்டருக்கு 120 கிராமிலிருந்து 180 கிராம் வரை கல் என்பது பழைய கணக்கு. தொட்டிக்குள்ளேயும் நிறையக் கல் இருந்தால் சம்ப்பில் அதில் ஒரு சிறு பங்கு போதும். இடம் முக்கியம்: துணி ஃபில்டரையும் ஸ்கிம்மரையும் தாண்டி, தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப்புக்கு முன்னால். அழுக்குத் தண்ணீர் முதலில் கல்லில் மோதினால் கல் குப்பைக்கூடை ஆகிவிடும். தரையில் நேராக வைக்காமல், டியூப்லைட் மூடும் கட்டம்போட்ட பிளாஸ்டிக் தட்டை வெட்டி, சின்ன பி.வி.சி. குழாய்த் துண்டுகள் மேல் மேடை கட்டி அடுக்குங்கள். கீழே கசடு உறிஞ்ச இடம் கிடைக்கும். இறுக்கி நிரப்பாமல், துண்டுகளுக்கிடையே விரல் போகும் இடைவெளி விடுங்கள். மூடிய டப்பா போன்ற கேனிஸ்டர் ஃபில்டருக்குள் கல்துண்டு போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், திறந்து கழுவ யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி என்றால் கல்லை இரண்டு மூன்று தவணையாகச் சேர்த்து, ஒவ்வொரு தவணைக்கும் பிறகு சில நாள் அமோனியா பாருங்கள். பழைய பயோ பால்களை எடுக்கப் போகிறீர்கள் என்றால், கல் உள்ளே போய் ஓரிரு மாதம் கழித்து, வாரத்துக்குக் கொஞ்சமாக எடுங்கள்.

மின்சாரம் போனால் சம்ப்பில் ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று அருகில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை, தண்ணீர் மாற்றுவதற்கு முன், டர்க்கி பேஸ்டர் என்ற ரப்பர் குமிழ் வைத்த பிளாஸ்டிக் குழாயோ பெரிய சிரிஞ்சோ வைத்துக் கல்லின் மேல் பீய்ச்சிக் கசடைக் கிளப்பி உறிஞ்சுங்கள். கழற்றிக் கழுவ வேண்டி வந்தால் தொட்டியிலிருந்து எடுத்த உப்புத்தண்ணீரில் மட்டும், ஒரு நேரத்தில் கால்வாசிக் கல்லுக்கு மேல் தொடாமல். காரணமில்லாமல் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து ஏறினால், முதலில் மேடைக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கசடு அங்கேதான் குவிந்திருக்கும்.